பாங்கு சொல்வதற்குள் பல்லுத் தீட்டுதல்

நாற்பதை நெருங்கும் வயதில் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டவளுக்கு எங்கள் ஊரில் நிம்மதி கிடையாது. கண்டவர்களெல்லாம் வாயைத் திறந்து காட்டச் சொல்வார்கள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அதே பார்வை. அட்டாளைச்சேனையில் நான் வாயைத் திறந்து காட்டாத வீடு இனி ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன்.

“காட்டுங்க டீச்சர், பாப்பம்” என்பார்கள். பார்த்துவிட்டுச் சும்மா போவார்களா? ஒருத்தி, துருப்பிடிக்காதா என்று கேட்டாள். இன்னொருத்தி, நல்ல மனதோடுதான், “மௌத்தாகினா இதக் கழட்டிப் போட்டுத்தானே குளிப்பாட்டணும்? ஆருக்கு இதக் கழட்டத் தெரியும்?” என்று என் முகத்தைப் பார்த்தே கவலைப்பட்டாள். இப்போதைக்குச் சாகிற யோசனை இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் முன்பற்கள் இரண்டும் உதட்டை முந்திக்கொண்டு நிற்பவை. சின்ன வயதிலிருந்தே சிரிப்பு வந்தால் என் கை தானாக வாய்க்குப் போய்விடும். வகுப்பில் பிள்ளைகள் பகிடி விட்டாலும் சோக்கட்டிக் கையோடு வாயைப் பொத்திக்கொள்வேன், மூக்கெல்லாம் வெள்ளையாகிவிடும். கலியாணப் படங்களில் ஒன்றிலாவது நான் வாய் திறந்து சிரித்ததில்லை. இதையெல்லாம் பழகிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஒருநாள் என் மகள் எதற்கோ சிரித்தாள், சிரித்தவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய பல்லில் ஒரு கோணலும் இல்லை. என்னைப் பார்த்துப் பழகியிருக்கிறாள். அந்த வாரமே பல் டொக்டரைத் தேடிக் கல்முனைக்கு பஸ் ஏறினேன்.

உம்மாவுக்கு இது பிடிக்கவேயில்லை. நாங்கள் இருப்பது உம்மாவின் வளவில், சமையலும் ஒன்றுதான் என்பதால், பிடிக்காத விசயம் ஒன்றை உம்மா நாளுக்குப் பலதரம் சொல்ல வசதி இருந்தது. “அல்லா தந்த பல்லு. இதுக்கு என்ன கொற? இந்தப் பல்லோடதானே ஒன்ன ஒருத்தர் கலியாணம் முடிச்சி வாழ்றார்?” என்பார். உம்மா சிரித்தாலும் முந்தானை வாய்க்குப் போகும். அதற்கு ஊரில் அடக்கம் என்று பெயர்.

கம்பி கட்டுவது சுலபம். அதைச் சுத்தமாக வைத்திருப்பதுதான் பெரும்பாடு. சோறு தின்றால் சோறு, இறைச்சி தின்றால் இறைச்சி நார், கீரை தின்றால் பச்சைக்கொடி. எதைத் தின்றாலும் அதில் பாதி எனக்கு, பாதி கம்பிக்கு. அதை எடுப்பதற்கென்று போத்தல் கழுவும் பிரஷ் குஞ்சு பொரித்ததுபோல ஒரு குட்டிப் பிரஷ் தந்திருந்தார்கள். அதைக் கம்பிக்கு அடியால் விட்டு ஒவ்வொரு பல்லாகக் குடைய வேண்டும். பிறகு சாதாரண பிரஷ், பிறகு கொப்பளிப்பு. பாடசாலையில் இடைவேளை மணி அடித்தால் மற்ற ஆசிரியைகள் தேத்தண்ணி குடிப்பார்கள், நான் பின்பக்கத்துப் பைப்படியில் குனிந்து நிற்பேன். கலியாண வீடுகளில் என்னைக் கண்டாலே பெரிய துண்டு இறைச்சியாகப் பார்த்துப் போடுவார்கள். கம்பி கட்டியதால் மெலிந்துவிட்டேனாம்.

இவ்வளவு பாடுபட்டும் நோன்புக்கு முந்திய மாதம் பல் டொக்டர் என் பல்லடி முரசைத் தொட்டதும் இரத்தம் வந்தது. அவர் இளம் பெண், அதிகம் பேசமாட்டார். “டீச்சர், முரசு வீங்கிக் கிடக்கு. கம்பியச் சுத்தி அழுக்குப் படிஞ்சிருக்கு. இப்பிடியே விட்டா நல்ல பல்லும் சூத்தையாகும். அடுத்த முறையும் இப்பிடி வந்தீங்கண்டா நான் கழட்டிருவன்” என்றார்.

கழற்றினால் முடிந்தது. பற்கள் பாதி வழியில் திரும்பி நின்றன; விட்டால் பழைய இடத்துக்கே போய்விடும். இன்னொரு தடவை தொடங்க என் வீட்டில் யாரும் சம்மதிக்கப் போவதுமில்லை, எனக்கும் அந்தத் தைரியம் வராது. பொத்திய கையோடு மௌத்தாக வேண்டியதுதான் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன்.

பிறகு நோன்பு வந்தது. நோன்பு நாளில் தின்பதில்லை, ஆகவே பல்லுக்கு ஓய்வு என்று ஊரே எனக்கு ஆறுதல் சொன்னது. தின்னாமல் இருப்பது பகலில் மட்டும்தான் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நோன்பு திறந்தால் முதலில் பேரீச்சம்பழம். கம்பி கட்டிய பல்லில் பேரீச்சம்பழம் ஒட்டினால் பசை போட்டு ஒட்டிய மாதிரி. அதற்கு மேல் கஞ்சி, அதற்கு மேல் கட்லட், ரோல்ஸ், அதற்கு மேல் பக்கத்து வீட்டிலிருந்து வந்த ஏதோ ஒன்று. தின்னாவிட்டால் அனுப்பியவர்களுக்கு மனத்தாங்கல்.

பகலில் பேஸ்ட் போட்டுத் தீட்ட உம்மா விடவில்லை. ருசி தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு முறிந்துவிடுமாம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. சரி, வெறும் பிரஷால் தீட்டுவோம் என்றால், “லுஹருக்குப் பொறகு மக்ரூஹ் புள்ள, மத்தியானம் திரும்பினா தீட்டாம விடுறதுதான் நல்லம். நோம்பாளிட வாய் மணம் அல்லாக்கு விருப்பம்” என்றார். அல்லாஹ்வுக்கு விருப்பமானது டொக்டருக்கு விருப்பமில்லையே என்று நான் வாய் திறக்கவில்லை. என் கணவர் இடையில் புகுந்து சமாதானம் செய்தார். பள்ளிவாசலடியில் மிஸ்வாக் குச்சி ஒன்று வாங்கி வந்து, “இது சுன்னத்து, நபி காட்டின வழி. பேஸ்டும் தேவல்ல, ருசியும் இறங்காது” என்றார். குச்சி என்னவோ நல்ல குச்சிதான். ஆனால் மென்று நார் பிரித்த அந்தக் குச்சியைக் கம்பியில் வைத்து இழுத்தால் நாரெல்லாம் கம்பிக்குள் மாட்டிக்கொண்டது. அன்று காலையில் நோன்பு விடுமுறையில் நடந்த மேலதிக வகுப்புக்கு, வாய்க்குள் கூட்டுகிற தும்புத்தடியோடு போனவள் நான் ஒருத்திதான். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, “டீச்சர் புல்லுத் திண்டிருக்காங்க” என்று எல்லோருக்கும் அறிவித்தது.

இரவில் எவ்வளவு தீட்டினாலும் விடியமுன் சஹருக்குத் தின்பது திரும்பவும் கம்பியில் ஏறிவிடும்; ஆக, பேஸ்ட் போட்டுத் தீட்ட எனக்கு மிச்சமிருந்தது சஹர் முடிகிற நேரம் மட்டும். பாங்கு சொல்வதற்குள் தின்று முடித்து, தீட்டி முடித்து, கொப்பளித்து முடிக்க வேண்டும். மற்றவர்களைப்போலத் தேய்த்துத் துப்பிவிட்டுப் போக என்னால் முடியாது. பல் பல்லாகக் குடைய நேரம் வேண்டும். வீட்டில் குளியலறை ஒன்று. உம்மாவோ சஹருக்குத் தின்னாவிட்டால் பகலில் பிள்ளை சரிந்துவிடும் என்று நம்புகிறவர். நான் எழும்பப் போனால் கையைப் பிடித்து இருத்துவார். “தயிர் கெடக்கு. வாழப்பழத்தப் பிசைஞ்சி ரெண்டு வாய் திண்டிட்டு எழும்பு.” எருமைத் தயிரும் வாழைப்பழமும் சீனியும் சோற்றோடு சேர்ந்தால் கம்பிக்கு அதைவிட நல்ல விருந்து இல்லை. எப்படியோ தப்பி ஓடிக் கதவைச் சாத்தி, குடைந்து, தீட்டி, வாய் மணக்க வெளியே வந்தால் கதவடியில் உம்மா நிற்பார், கையில் சீனி போட்ட தேத்தண்ணி. “நோம்புக்கு நிய்யத்து வெக்க முதல் இத ஒரு முடறு குடி.” வேண்டாம் என்றால் கண் கலங்கும். குடித்தால், குடித்து முடிக்கும்போது பாங்கு. தேத்தண்ணிச் சீனியோடு வாய் பகல் முழுக்க மூடிக் கிடக்கும். நோன்பு முழுக்க இதேதான். எரிச்சலில் எனக்கு அழுகை வரும். நோன்பாளி கோபப்படக்கூடாது என்பதால் அதையும் அடக்கிக்கொள்வேன்.

பெருநாள் முடிந்ததும் டொக்டரிடம் போக வேண்டியிருந்தது. தனியாகப் போவேன் என்றேன்; உம்மாவும் வெளிக்கிட்டு வந்து பஸ்ஸில் ஏறிவிட்டார். டொக்டர் என் வாயைப் பார்த்தார். ஒரு சிவப்புக் குளிசையைத் தந்து மென்று துப்பச் சொன்னார். அழுக்குப் படிந்த இடமெல்லாம் சிவப்பாகக் காட்டுமாம். கண்ணாடியில் பார்த்தேன். பற்கள், கம்பி, முரசின் ஓரம் எல்லாம் ஒரே சிவப்பு.

“யா அல்லாஹ்! வெத்தில போட்டவள் மாதிரி!” என்று உம்மா எழும்பி வந்தார்.

“சிவப்பாத் தெரியிறதெல்லாம் சாப்பாட்டு மிச்சத்தால படிஞ்ச அழுக்கு உம்மா” என்றார் டொக்டர்.

உம்மா இன்னும் குனிந்து பார்த்தார். “அப்ப இது நான் வாயில ஊட்டித் தீத்தின சோறா?”

டொக்டர் என்னைப் பார்த்து, “நோம்பெண்டதால இந்த முறை விடுறன். ஆறு நோம்பும் பிடிப்பீங்கதானே? முடிச்சிட்டு வாங்க. அப்பவும் இப்பிடியே இருந்தா கழட்டுறதத் தவிர வேற வழியில்ல” என்றார்.

பெருநாளுக்குப் பிறகு பிடிக்கும் அந்த ஆறு நோன்பில்தான் நான் உண்மையாகவே பைத்தியமாகத் திரிந்தேன். ஊட்டுகிற உம்மாவைச் சமாளிக்கலாம், காவல் காக்கிற உம்மாவைச் சமாளிக்க யாராலும் முடியாது. முதல் நோன்புக்கு எல்லோரையும் வெள்ளெனவே எழுப்பிவிட்டார். நான் நாலு வாய் தின்பதற்குள் சோற்றுக் கோப்பையை இழுத்தெடுத்தார். “போதும். போய்த் தீட்டு.” தயிர் என்றேன். “தயிருமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல.” என் கணவர் குளியலறைப் பக்கம் காலெடுத்து வைத்தால் அவருக்கு ஒரு முறைப்பு. நான் தீட்டி முடித்து வெளியே வந்தால் கதவடியில் முன்போலவே நிற்பார், கையில் தேத்தண்ணிக்குப் பதிலாக போன் லைட்.

“வாயத் தொற, பாப்பம்.”

திறந்தால், “கீழ் வரிசைல இடது பக்கம் ஒண்டு கெடக்கு. போ.” திரும்பிப் போவேன். மறுபடி லைட். மறுபடி திருப்பி அனுப்புவார். பாங்கு சொன்ன பிறகுதான் விடுதலை. மாலையில் நோன்பு திறக்கப் பேரீச்சம்பழத்தைத் தூக்கினால் அதைப் பறித்துத் தண்ணீர்க் கிளாசைத் தருவார். சாச்சி வீட்டார் வந்திருந்தபோதும், அத்தனை பேருக்கு முன்னால், “வாயத் தொற, பாப்பம்” என்றார். நான் ஒரு வகுப்புக்கு ஆசிரியை, ஒரு பிள்ளைக்கு உம்மா. திறந்தேன்.

ஆறு நோன்பும் முடிந்து மறுபடி போனோம். சிவப்புக் குளிசையை மென்று துப்பினேன். டொக்டர் கண்ணாடிக் கரண்டியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தார். பின்பக்கத்துக் கடைவாயில் கொஞ்சம், கீழே ஒரு பல்லோரத்தில் கொஞ்சம். முரசில் இரத்தம் வரவில்லை.

“கம்பி இருக்கட்டும்” என்றார். “நல்லாச் செஞ்சிருக்கீங்க டீச்சர்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய் நிறையச் சிவப்பு, கன்னத்துக்குள் பஞ்சு, அதோடு சிரித்தேன். கை இரண்டும் நாற்காலியின் கைப்பிடியில்தான் இருந்தன என்பதைப் பிறகுதான் கவனித்தேன். உம்மாவும் கவனித்தார்போலும். கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, டொக்டரிடம், மெதுவாக, “என்ட வயசில உள்ளவங்களுக்கும் இதக் கட்டலாமா மகள்?” என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அல்லாஹ் தந்த பல், இதற்கு என்ன குறை என்று உம்மா நாளுக்குப் பலதரம் கேட்டது என் பல்லைப் பற்றி மட்டும் இல்லை. என் வாய் உம்மாவின் வாய், உதட்டை முந்தி நிற்கும் அதே பற்கள். அதில் குறை இருக்கிறது என்று கல்முனைவரை போய் எழுதி ஒட்டிவிட்டு வந்தவள் நான்.

“முதல்ல முரசப் பாக்கணும் உம்மா. சேலைய எடுங்க” என்றார் டொக்டர்.

உம்மா எடுக்கவில்லை. முந்தானையை இன்னும் இறுக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

நான் பஞ்சைத் துப்பிவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினேன். உம்மாவின் தோளைப் பிடித்து என் இடத்தில் இருத்தினேன்.

“வாயத் தொறங்க உம்மா” என்றேன். “பாப்பம்.”