மதினியின் பாகும் மழையும்

என் மதினி தங்கமாரிக்கு மழை ஆகாது. வானத்தைப் பார்த்து விதைக்கிற பரளச்சியில் இதை வெளியே சொல்லிவிட்டு நடமாட முடியுமா? அண்ணன் சங்கையாவின் மக்காச்சோளமே வாடிச் சுருண்டு நின்றது. மழை வேண்டி ஊர் கூடிக் கஞ்சி காய்ச்சியபோது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படி கம்பு கொடுத்தார்கள். மதினி இரண்டு படி போட்டார். தாராள மனசு என்று எல்லாரும் மெச்சினார்கள்.

மதினி போடுவது கடலை மிட்டாய். வெல்லப்பாகு அடுப்பில் தண்ணீராய் ஓடும். இறக்கினால் தேனாகும், அப்புறம் நகரவே யோசிக்கும். கடைசியில் இருந்த இடத்திலேயே நின்று கண்ணாடியாகிவிடும்.

"ஓட முடியாம நிக்குது, அம்புட்டுத்தான் ஆவுடை. ஈரம் பட்டா திரும்ப இளகிரும்" என்பார் என்னிடம்.

போன தடவை அப்படித்தான் இளகித் தொலைத்தது. மழை வராமல் வெறும் ஈரக்காற்று அடித்ததற்கே மிட்டாய் வேர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. அருப்புக்கோட்டைக் கடைக்காரர் நவநீதகிருஷ்ணன் மொத்தத்தையும் திருப்பிவிட்டார். "இன்னொரு தடவ ஒட்டுச்சுன்னா கொண்டு வராதீகம்மா" என்றார். அவருக்கென்ன, வேறு ஆள் கிடைக்கும். மதினிக்கு இருப்பது அந்த ஒரு கடைதான்.

அடுத்த சரக்குக்குப் பாகு கொதிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. ஊரே தெருவில் நின்றது. நானும் நனைந்துகொண்டு கூப்பிட்டேன். மதினி திரும்பவே இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது, உள்ளே போனேன்.

ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டு எடுத்துத் தட்டில் போட்டார். ணங்கென்று கேட்டது. எப்போதும் அந்தச் சத்தத்துக்கு இறக்கிவிடுவார். அன்று இறக்கவில்லை.

"கருகிரும் மதினி."

"ஈரக்காத்து அடிக்கிது. பாகுல இருக்க தண்ணி இன்னும் வத்தணும்."

நிறம் மாறத் தொடங்கும்போது சட்டென்று இறக்கி, கடலையைக் கொட்டிப் பரத்தி வெட்டினார். ஆறியதும் டின்னில் போட்டு இறுக மூடினார். அப்புறம்தான் வாசலுக்கு வந்து மழையில் கையை நீட்டினார்.

மறுநாள் டின்னோடு அருப்புக்கோட்டைக்குப் போனபோதும் தூறல் விடவில்லை. கடைக்காரர் ஒரு துண்டை எடுத்து ஒடித்தார். படக்கென்று ஒடிந்தது. "அடுத்த வாரமும் கொண்டாங்க" என்று டின்னை உள்ளே வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "நெசத்தச் சொல்லுங்க மதினி. மழை வரக் கூடாதுன்னு நெனச்சதே இல்லையா?"

ஜன்னலுக்கு வெளியே நனைந்து கிடந்த கரிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெனமும் நெனச்சேன்" என்றார். "அதான் கஞ்சிக்கு ஒரு படி கூடப் போட்டேன்."