பாடாமல் கடந்த வீடு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு விஷயத்தில் எனக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. கிள்ளானில் பதினாறு வருடமாகக் கல்யாண வீடியோ எடுக்கிறேன். "பாஸ், இந்தப் படத்துல பின்னால ஒரு உருவம் நிக்குது பாருங்க" என்று மாதத்துக்கு ஒருவராவது எதையாவது அனுப்புவார். லென்ஸில் தூசி, ஷட்டர் மெதுவாக இருந்திருக்கும், போய்த் தூங்குங்கள் என்று பதில் போடுவேன். அப்படிப்பட்ட ஆள்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் எனக்கொன்றும் நஷ்டமில்லை, ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேஷம் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவோம். கல்யாண ஷெர்வானி போட்ட மூன்று ராஜாக்கள், சாரோங் கைலி கட்டிய இடையர்கள், கம்பி இறக்கை வைத்த சம்மனசுகள், கிட்டார், டம்பரின், முன்னால் ஆடிக்கொண்டு போக ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. முகமூடியைப் போட்டதிலிருந்து கழற்றும்வரை தாத்தா வாயைத் திறக்கக் கூடாது, அது எங்கள் சட்டம். உள்ளே இருப்பது யார் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும், விளையாட்டே அதுதான். ஒன்பது வருடமாகத் தாத்தா வேஷம் போட்டவன் என் நண்பன் அந்தோணி. நான் சொல்லும் அந்த வருடம் மார்ச் மாதம் பெடரல் நெடுஞ்சாலையில் மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கி இறந்துபோனான். இனி யார் போடுவது என்று மாதா கோயில் மண்டபத்தில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது நான்தான் சரி என்றேன். செத்தவன் உடையைப் போட்டதால் வந்த வினை என்று கதை கட்டாதீர்கள். அவனுடைய பழைய உடை எங்கே போனது என்றுகூடத் தெரியவில்லை. நான் போட்டது ஆன்லைனில் வாங்கிய புது உடை, பிளாஸ்டிக் வாசம்கூடப் போகவில்லை.

ஆடிக்கொண்டே படமும் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பிள்ளைகள் தாத்தாவைப் பார்த்து ஓடிவரும் முகத்தைத் தாத்தா நிற்கும் இடத்திலிருந்தே எடுத்தால் நன்றாக இருக்குமே என்று, ஒரு சின்னக் கேமராவைப் பட்டை போட்டு நெஞ்சில் கட்டி, சிவப்புச் சட்டையில் ஓட்டை போட்டு லென்ஸை மட்டும் வெளியே விட்டேன். மண்டபத்தில் கிளம்பும்போது ரெக்கார்ட் அழுத்தினேன், திரும்பி வந்துதான் நிறுத்தினேன். நடுவில் தொடவே இல்லை.

துக்கம் நடந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு நாங்கள் பாடுவதில்லை. மூன்று வீட்டுக்கு முன்னாலேயே பாட்டை நிறுத்தி, சத்தமில்லாமல் கடந்து, மூன்று வீடு தள்ளித்தான் திரும்ப ஆரம்பிப்போம். அந்தோணி வீட்டுத் தெருவுக்குள் நுழையும்போது மணி ஆறரை இருக்கும், நல்ல வெளிச்சம். கிட்டார் நின்றது. கையில் இருந்த மணி ஆடிவிடக் கூடாதென்று அதன் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டேன். வீட்டு கேட் சாத்தியிருந்தது, வாசலில் நட்சத்திரம் கட்டவில்லை. உண்மையைச் சொன்னால் முகமூடிக்குள் அழுதுகொண்டுதான் நடந்தேன். கடந்துவிட்டோம். அவ்வளவுதான் நடந்தது. பிறகு இன்னும் பத்து வீட்டில் பாடி ஆடிவிட்டு, மண்டபத்தில் கறிபாப் தின்றுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் அந்தோணியின் அப்பா மைக்கேல் அங்கிள் என் வீட்டு வாசலில் நின்றார். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிர்ந்து பேசாதவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"ஸ்டீபன், உன்ன என் மகனாட்டம்தான் நெனச்சேன். துக்க வீட்டுக்குள்ள வேஷத்தோட வந்து வெளையாட உனக்கு எப்படிப்பா மனசு வந்துச்சு?"

எனக்குத் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அவர்தான் சொன்னார். முந்தைய நாள் சாயங்காலம் ஹாலில் கண்ணயர்ந்திருந்தாராம், சமையலறையில் பேச்சுச் சத்தம் கேட்டு எழுந்து போனால், பின்வாசல் வழியாகச் சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் வெளியே போகிறான், முதுகுதான் தெரிந்ததாம். அந்தோணியின் அம்மா லூர்து ஆன்டி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். அதிலிருந்து யார் கேட்டாலும் பேசாமல் அந்தப் பின்வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாராம். நான் வரவே இல்லை என்று மாதா மேல் சத்தியம் பண்ணினேன். நேற்று இந்தத் தாமானில் சிவப்புச் சட்டை போட்டவன் வேறு யார் என்று கேட்டார். ஃபார்ம் ஒன் படித்த பள்ளி நாளிலிருந்து நான் சோறு தின்ற வீடு அது. நண்பன்தான் போய்விட்டான், அவன் வீடும் போய்விடுமோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

"கேமரா முழுக்க ஓடிட்டுத்தான் இருந்துச்சு அங்கிள். நான் உள்ள வரலன்னு நீங்களே பாருங்க லா," என்றேன். அதுவரை நானும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. என்னைக் காப்பாற்ற அது ஒன்று இருக்கிறதே என்று எவ்வளவு தைரியமாக லேப்டாப்பைத் திறந்தேன் தெரியுமா.

பாட்டு நிற்கிறது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்கிறது. அவர்கள் வீட்டு கேட் வருகிறது. அங்கே படம் மெதுவாகக் கேட் பக்கம் திரும்பியது. ஓரத்தில் ராஜாக்களின் முதுகு தள்ளித் தள்ளிப் போகிறது, கூட்டம் நிற்கவே இல்லை. வெள்ளைக் கையுறை போட்ட கை ஒன்று கேட்டுக்கு மேலே நீண்டு, உள்பக்கத் தாழ்ப்பாளைத் தடவாமல் தேடாமல் ஒரே இழுப்பில் திறந்தது. முன்வாசலுக்குப் போகவில்லை. பக்கவாட்டுச் சந்தில், கேஸ் சிலிண்டர்த் தோம்பைத் தாண்டி, நேராகப் பின்வாசல். நான் அந்த வழியாக ஒருநாளும் போனதில்லை. மோட்டார் சைக்கிளைப் பின்னால் நிறுத்துவதால் அந்தோணி மட்டும்தான் அப்படிப் போவான்.

ஆன்டி சிங்க்கில் அரிசி களைந்துகொண்டிருந்தார். திரும்பினார், திடுக்கிடவே இல்லை. ஈரக் கையை கஃப்தான் அங்கியில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையையும் மேலே தூக்கினார். லென்ஸ் நெஞ்சில்தானே இருக்கிறது, அதற்கு மேல் என்ன நடந்தது என்று தெரியவில்லை, முகமூடி எலாஸ்டிக் இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் முகம். எத்தனை கல்யாணம் எடுத்திருக்கிறேன், அப்படி ஒரு சந்தோஷத்தை எந்த முகத்திலும் நான் எடுத்ததில்லை. அப்போதுதான் மைக்குக்கு மிகப் பக்கத்தில் அந்தக் குரல் வந்தது.

"எனக்குக் கோவம் இல்ல மா."

கரகரப்பான குரல். அந்தோணியின் குரல் எனக்குத் தெரியாதா.

அங்கிள் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு அவரே சொன்னார். விபத்து நடந்த அன்று காலையில் அம்மாவுக்கும் மகனுக்கும் சண்டையாம். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று அவன் பிடிவாதமாக நின்றிருக்கிறான். போனால் இந்த வீட்டுப் படி ஏறாதே என்று ஆன்டி சொல்லிவிட்டார். அவன் பசியாறாமல் கிளம்பிப் போனான். வீட்டுக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது, ஆன்டி அதை மனதில் வைத்துக்கொண்டே ஒன்பது மாதமாகக் கரைந்துகொண்டிருந்தார். என் மேல் இருந்த கோபம் அங்கிளுக்கு எங்கேயோ போய்விட்டது. அவர் கோபமாகவே இருந்திருந்தால் எனக்குத் தேவலாம் போலிருந்தது.

நீங்கள் இப்போது என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும், துக்கத்தில் நானே சுயநினைவில்லாமல் உள்ளே போயிருப்பேன் என்று. நானும் அப்படித்தான் நினைக்க ஆசைப்பட்டேன். ஆனால் ராஜா வேஷம் போட்ட ஷீலா, பின்னால் வந்துகொண்டே கைத்தொலைபேசியில் எடுத்த வீடியோ இருக்கிறது. அதில் நான் அந்தத் தெரு முழுக்கக் கூட்டத்தோடுதான் நடக்கிறேன், மணியைப் பிடித்துக்கொண்டு, எங்கேயும் விலகாமல்.

அன்று சாயங்காலம் ஆன்டியைப் பார்க்கப் போனேன். எழுந்து தேநீர் போட்டுக் கொடுத்தார், குரலும் வந்திருந்தது. தப்பாக நினைக்காதீர்கள் ஆன்டி, நேற்று வந்தது நான் இல்லை என்று இழுத்தேன்.

"தெரியும்ப்பா," என்றார். "ஒன் மொகத்த பாக்க நான் எதுக்கு அண்ணாந்து பாக்கணும்?"

நான் குள்ளம். அந்தோணி ஆறடி.

வீட்டுக்கு வந்து படத்தைத் திரும்பப் போட்டேன், இந்த முறை ஆட்களைப் பார்க்கவில்லை, கேமரா எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் பார்த்தேன், அது என் தொழில். மண்டபத்திலிருந்து அந்த வீடுவரை கேட்டுகளின் மேல்கம்பி லென்ஸுக்கு நேராக வருகிறது. அவர்கள் வீட்டுப் பக்கம் திரும்பியதும் கம்பி கீழே இறங்கிவிடுகிறது, லென்ஸ் ஒரு சாண் உயர்ந்துவிட்ட மாதிரி. அதுகூடப் பரவாயில்லை. அந்த வீட்டை விட்டு வெளியே வந்த பிறகும் லென்ஸ் பழைய உயரத்துக்கு வரவில்லை. கடைசிப் பத்து வீட்டிலும் ஆடியது நான்தான், எந்த வீட்டில் எந்தப் பிள்ளை கையைப் பிடித்தது என்றுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் நான் மண்டபத்தில் ரெக்கார்டை நிறுத்தும்வரை அந்தப் படம் முழுக்க, எல்லாரையும் ஒரு சாண் மேலே இருந்துதான் பார்த்துக்கொண்டிருக்கிறது.