பின்சக்கரம் ஆடுதுண்ணே!

ரேஸ் வண்டி மெக்கானிக்கிடம் வந்து "எனக்குப் பயமா இருக்கு" என்று ரைடர்கள் சொல்வதில்லை; "பின்சக்கரம் ஆடுது, என்னன்னு பாருங்க" என்றுதான் சொல்வார்கள்.

இதைப் படிப்பவர்களில் தையல்காரர் யாராவது இருந்தால் என் கஷ்டம் புரியும். உடம்பு பெருத்துப்போனவர் உங்களிடம் வந்து "சட்டையைச் சின்னதா தச்சிட்டீங்க" என்று சண்டை போடுவார், நீங்களும் பேசாமல் பிரித்துத் தைத்துக் கொடுப்பீர்கள். நாமெல்லாம் ஒரே வரிசையில் நின்று திட்டு வாங்குகிறவர்கள்.

திண்டுக்கல் பழனி ரோட்டில் என் பட்டறை. வாரநாளில் ஸ்கூட்டர், பால்காரர் வண்டி என்று சாதாரண வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மண்ணில் பைக் ரேஸ். தாடிக்கொம்பு தாண்டி, தண்ணீர் வற்றிக் கிடக்கும் ஒரு குளத்துக்குள் வளைவும் மேடுமாகப் பாதை போட்டு வைத்திருக்கிறோம். மழை பெய்து குளம் நிரம்பினால் லீவு. மூன்று ரைடர்கள் என்னிடம்தான் வண்டியை வேலைக்கு விடுகிறார்கள். மூன்று பேரும் நல்ல பிள்ளைகள். மூன்று பேராலும் எனக்கு ரத்தக்கொதிப்பு.

நாலாவது தடவை

இக்பால் பேகம்பூரில் அவன் அத்தாவோடு பிரியாணிக்கடை பார்க்கிறவன். வளைவில் அவனை முந்த ஆள் கிடையாது. ஆனால் பாதையில், பறந்து தாண்டுவதற்கென்று, ஆள் உயரத்துக்கு ஒரு புது மேடு போட்டோம் பாருங்கள், அன்றிலிருந்து ஆரம்பித்தான். "பின்சக்கரம் ஆடுதுண்ணே." சக்கரத்தைக் கழற்றினேன். பேரிங் நன்றாக இருந்தது. ஸ்போக்ஸ் கம்பியை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன், எல்லாம் இறுக்கம். மாட்டிக் கொடுத்தேன். அடுத்த வாரம் மறுபடியும் ஆடியது. அதற்கடுத்த வாரமும் ஆடியது. எந்தச் சக்கரமும் மேட்டுக்கு இருபதடி முன்னால் மட்டும் ஆடாது என்று நான் சொன்னால், "ஓட்டுறவனுக்குத்தான் தெரியும்" என்கிறான்.

நாலாவது தடவை வெறுத்துப்போய் ஒன்றும் செய்யவில்லை. சோப்புப் போட்டு வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு, "புது பேரிங் போட்டாச்சு, போ" என்றேன். அன்றைக்கு அந்த மேட்டைப் பத்துத் தடவை தாண்டினான், ஒருதடவைகூடத் தயங்கவில்லை. எனக்கு மனசு உறுத்தியது. சாயங்காலம் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் சிரித்தான்.

"தெரியும்ணே. பேரிங் மாத்துன கை கிரீஸா இருக்கும், உங்க கை சோப்பு மணந்துச்சு. இம்புட்டுத் தைரியமா பொய் சொல்றீங்கன்னா வண்டில ஒண்ணுமே இல்லைன்னு அப்பத்தான் நம்பிக்கை வந்துச்சு."

தண்டபாணிக்கு அவசரம்

தண்டபாணி ஒட்டன்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருப்பவர். ஆறடி ஆள். தக்காளிப் பெட்டியை ஒற்றைக் கையால் தூக்கி லாரியில் வைப்பார். எல்லா வண்டியும் வரிசையில் நின்று, கொடி விழ ஒரு நிமிஷம் இருக்கும்போது அவருக்கு மூத்திரம் வரும். தவறாமல் வரும். சாதாரண நாளில் பரவாயில்லை. ரேஸ் அன்றைக்கு முழங்கால் வரை பூட்ஸ், முட்டிக்கவசம், நெஞ்சுக்கவசம், அதற்கு மேல் ஒரு சட்டை, இடுப்பில் ஒரு பெல்ட். கழற்றவே ஐந்து நிமிஷம் ஆகும். "காலையில் இருந்து தண்ணியே குடிக்காதீங்க" என்று சொல்லிப் பார்த்தேன். குடிக்காமலும் வந்தது.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு போட்டியில் கொடி விழுந்தே விட்டது. பத்தொன்பது வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போக, நான் மட்டும் ஆளில்லாத வண்டியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறேன். மைக்கில் பேசுகிறவர் என்னைக் காட்டி ஏதோ சொல்ல, கூட்டம் சிரிக்கிறது. மனுஷன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து ஏறினார். இருபதாவது ஆளாகக் கிளம்பி மூன்றாவதாக வந்து நின்றார். கோப்பையை வாங்கிக்கொண்டு வந்ததும், "இப்படி ஓட்டத் தெரிஞ்ச ஆளுக்கு ஆரம்பத்துல என்னதாங்க பிரச்சனை?" என்று கத்திவிட்டேன். முதல் வளைவுக்குள் இருபது வண்டியும் ஒன்றாக நுழையும்போது ஒருத்தர் விழுந்தால் பின்னால் வருகிறவர் அவர் மேலே ஏறிவிடுவார், அதை நினைத்தால்தான் அடிவயிறு கலங்குகிறது என்று அப்போதுதான் ஒப்புக்கொண்டார்.

"ஏனுங்ண்ணா, இன்னைக்கு மாதிரி எல்லாத்துக்கும் கடைசியாப் போனா முதுகுல ஏற ஒருத்தருமில்லீங்களே, இனிமே இப்படியே வெச்சுக்கலாமுங்களா?"

பிரியாணியோடு வந்த விண்ணப்பம்

ஒருநாள் மத்தியானம் இக்பாலுடைய அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் தூக்குச்சட்டி. மகன் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வந்திருக்கிறார். தூக்கைத் திறந்து வைத்துவிட்டு, நான் நாலு வாய் சாப்பிடும்வரை காத்திருந்தார். பிறகு மெதுவாக, வண்டியின் வேகத்தைக் குறைக்க வழி இருக்கிறதா என்று கேட்டார். மகன் ரேஸுக்குப் போகிற நாளெல்லாம் தனக்கு ஒரு வாய் சோறு இறங்குவதில்லை என்றார். அப்படியெல்லாம் செய்ய முடியாதும்மா, ஓட்டுகிறவனுக்கு உடனே தெரிந்துவிடும் என்றேன். அவர் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அஞ்சு கியர்ல ஒண்ணை மட்டும் எடுத்துரு தம்பி, அவன் எண்ணிப் பாக்க மாட்டான், சின்னப்புள்ளைல இருந்தே கணக்குல ஃபெயிலு."

முதலில் பார்த்தது

மூன்றாவது ஆள் ஜோதி. சின்னாளபட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். வண்டியைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. அதனாலேயே அவளைப் பற்றி நான் கவலைப்பட்டதுமில்லை. ஒரு ஞாயிறு காலை அந்தப் பெரிய மேட்டில் ஏறியவள், வண்டியின் மூக்கு கீழே குத்த, தலைகுப்புறப் போய் விழுந்தாள். தோள்பட்டை எலும்பு இரண்டாக உடைந்தது. இக்பாலும் தண்டபாணியும் அவளைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று சொல்லி அங்கேயே நின்றுகொண்டேன்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. அவர்கள் கார் கண்ணை விட்டு மறைந்ததும் நான் முதலில் செய்த காரியம், மண்ணில் மண்டியிட்டு உட்கார்ந்து முன்சக்கர நட்டைத் திருகிப் பார்த்தது. முந்தின நாள் நான்தான் அந்தச் சக்கரத்தை மாட்டியிருந்தேன். நட்டைச் சரியாக முடுக்கினேனா என்பது ஞாபகம் வரவில்லை. ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கியது. நட்டு அசையவில்லை, இறுக்கமாக இருந்தது. "அப்பாடா" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரு பெண் எலும்பை உடைத்துக்கொண்டு போயிருக்கிறாள், நான் "அப்பாடா" என்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தாள். முகத்தில் சிராய்ப்பு. "இப்ப எப்படிம்மா இருக்கு?" என்றேன். அவள் என் கையைத்தான் பார்த்தாள். விரலெல்லாம் மண்ணும் கிரீஸுமாக அப்படியே வந்திருக்கிறேன்.

"நட்டைப் பாத்துட்டுத்தான வாரீங்க? வண்டி மேல தப்பில்லண்ணே, மேட்டு உச்சில பயந்து நான்தான் ஆக்ஸிலேட்டரை விட்டுட்டேன்."

மூன்று ஞாயிறு

அந்த வாரமே இக்பாலுக்குப் பின்சக்கரம் மறுபடி ஆட ஆரம்பித்தது. தண்டபாணிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. இரண்டு வண்டியும் தங்கம் மாதிரி இருந்தன. இரண்டையும் கழற்றி மாட்டினேன். விழுந்தது ஒருத்தி, பட்டறையில் படுத்தது மூன்று வண்டி.

நாலு மாதம் கழித்து ஜோதி திரும்பி வந்தாள். வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றிக் குளத்துக்குக் கொண்டுபோய் இறக்கினேன். ஹெல்மெட் போட்டாள், ஏறி உட்கார்ந்தாள், வண்டியைக் கிளப்பாமலே இறங்கிவிட்டாள். "அடுத்த வாரம் பாக்கலாம்ணே." அடுத்த வாரமும் அதே கதை. நான் பக்குவமாகத்தான் பேசினேன். "மெதுவா பாத்து ஓட்டும்மா, மேட்டுப் பக்கம் போகாத, பாத்து, பாத்து" என்று கூடவே நடந்தேன். மூன்றாவது ஞாயிறும் இறங்கியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஓட்டுறதா இருந்தா ஓட்டு, இல்லைன்னா வண்டிய வித்துட்டுப் போ! வாராவாரம் இதை ஏத்தி இறக்கி எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு!" என்று குளக்கரை எதிரொலிக்கக் கத்தினேன். கத்தி முடித்ததும் ஐயோ என்று இருந்தது. அவள் ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டு வண்டியை உதைத்துக் கிளப்பினாள்.

"இப்படியே கத்துங்கண்ணே, நீங்க பாத்து பாத்துன்னு சொல்றப்பத்தான் நான் விழுந்ததே எனக்கு ஞாபகம் வருது."

டபுள்ஸ்

ஓட்டினாள். ஆனால் மேட்டைத் தாண்டவில்லை. மற்றவர்கள் பறந்து போகிற இடத்தில் இவள் மட்டும் தள்ளுவண்டி மாதிரி ஏறி இறங்கினாள். அப்படியே ஒரு போட்டிக்கும் பெயர் கொடுத்துவிட்டாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. பத்துச் சுற்று. வளைவில் இரண்டு பேரைப் பிடிப்பாள், மேட்டில் அந்த இரண்டு பேரும் தலைக்கு மேலே பறந்து போய்விடுவார்கள். மறுபடி பிடிப்பாள், மறுபடி விடுவாள். எட்டுப் பேரில் ஐந்தாவதாக வந்தாள். வேலியைப் பிடித்துக்கொண்டு நான் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

வந்து நின்றதும் திட்ட ஆரம்பித்தேன். "ஒரே ஒரு சுத்து தாண்டியிருந்தா மூணாவது வந்திருக்கலாம்ல? அம்புட்டுப் பயமா இருந்தா எதுக்கு வந்த?" ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் புழுதி, வியர்வை வழிந்த கோடு மட்டும் தெரிந்தது. வாய் கொள்ளாத சிரிப்பு.

"பத்து ரவுண்டும் பயத்தைப் பின்னால உக்கார வச்சுக்கிட்டே ஓட்டிருக்கேண்ணே, டபுள்ஸ்ல இதுக்கு மேல ஸ்பீடு வராது."

நான் பார்க்காதது

மழை தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு. மூன்று பேரும் குளத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல டூல்ஸ் பெட்டிப் பக்கம் திரும்பி நின்று, துடைத்த ஸ்பேனரையே துடைத்துக்கொண்டிருந்தேன். யாராவது அந்த மேட்டுக்குப் போகிற சத்தம் கேட்டாலே நான் திரும்பிக்கொள்வேன். ஜோதி விழுந்ததற்கு அப்புறம் வந்த பழக்கம். ஒவ்வொரு இன்ஜினும் எனக்குக் காதிலேயே தெரியும் என்பதால் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை என்று சொல்லிக்கொள்வேன்.

ஜோதியின் வண்டி வந்தது. எப்போதும் மேட்டடியில் சத்தம் தணியும். அன்றைக்குத் தணியவில்லை. கூடிக்கொண்டே போய், திடீரென்று மண்ணை விட்ட இன்ஜின் வெறும் காற்றில் வீல் என்று கத்தியது. ஸ்பேனரை இறுக்கிப் பிடித்தேன். ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும், எனக்கு அது முடியவே இல்லை. பிறகு 'தொப்' என்று இரண்டு சக்கரமும் சேர்ந்து இறங்கிய சத்தம், அதே வேகத்தில் அடுத்த வளைவுக்குப் போகிற சத்தம். இக்பால் எங்கிருந்தோ விசிலடித்தான். நான் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் ஒரு சுற்று முடித்து நேராக என்னிடம் வந்து நிறுத்தினாள். "பாத்தீங்களாண்ணே?" "பாக்காம என்ன, நல்லா தாண்டுன" என்றேன். அதற்கு முன்பே ஓட்டி முடித்துவிட்டு வந்த தண்டபாணி பக்கத்தில் நின்றிருந்தார். அந்த மனுஷனுக்குப் பொய் சொல்லவும் வராது, சும்மா இருக்கவும் வராது.

"எங்கீங்க பாத்தாரு, கண்ண இறுக்க மூடிக்கிட்டுல்லங்க நின்னுட்டிருந்தாரு, அண்ணனுக்கும் உங்களாட்டம் நாலு மாசம் லீவு குடுத்துப் பாருங்கம்மணி."

ஓட்டுகிறவர்கள் பயத்தை எப்படியோ மேட்டுக்கு அந்தப் பக்கம் இறக்கிவிட்டு வந்துவிடுகிறார்கள், கீழே நிற்கிற நம்மைப் போன்றவர்களுக்குத்தான் அதைக் கழற்றி வைக்க எந்த சைஸ் ஸ்பேனரும் சேர்வதில்லை.