ஜப்பானில் வீடு பழுது பார்த்தவர்

திருச்சுழி தாலுகா அலுவலகத்துக்கு எதிரேயுள்ள ஜெராக்ஸ் கடையில் மனு எழுதித் தருவது, ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியரான என் பொழுதுபோக்கு. போன ஆடியில் பரளச்சிக்காரர் ஒருவர் வந்தார். நெட்டையான மனிதர். கடையின் உயரமான வாசலிலும் குனிந்தே நுழைந்தார்.

"ஜப்பான்ல நானும் வீட்டம்மாவும் ஒரு பழைய பண்ணை வீட்டப் பழுது பாக்குறோம் சார். அங்க கதவு நிலையெல்லாம் தாழ்வு. இடிச்சு இடிச்சுப் பழகிப்போச்சு" என்று சிரித்தார்.

அந்த வீடு மனைவி பெயரில் இருந்தது. ஊருக்கு வந்த இடத்தில் அந்த அம்மா காய்ச்சலில் இறந்துவிட்டார். வாரிசுச் சான்றிதழுக்கு எத்தனை நகல், யாருக்கு எத்தனை கும்பிடு என்று வரிசையாகச் சொன்னேன். அவர் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

"அடுப்படியில நின்னா கத்திரிச்செடி தெரியணும்பா சார். சன்னலு எந்தப் பக்கம், தோட்டம் எந்தப் பக்கம்னு ஊருக்குப் போயிட்டு வந்து சொல்றேன்னா. இப்ப எந்தப் பக்கஞ் சார் சொவத்த ஒடைக்க?"

சர்வீஸ் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"சான்றிதழ் வந்துட்டா எல்லாம் உங்க இஷ்டம்தான்."

"என் இஷ்டமா?" என்று கேட்டவர், கையெழுத்துப் போடாமலே எழுந்து போய்விட்டார்.

எல்லா இணைப்புகளோடும் அந்த மனு இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்று சொன்னதைவிடச் சரியான பதிலை நான் யாருக்கும் சொன்னதில்லை; அதைவிடக் கொடுமையானதையும்.