எவர்சில்வர் டம்ளரும் தறிக் கடனும்

சேலத்தில் ஒரு வங்கி தன் லாபத்தில் கொஞ்சம் ஒதுக்கி, ஏழைகளுக்குக் கடன் கொடுக்க ஓர் அறக்கட்டளை நடத்தியது. பெயருக்குத்தான் வட்டி, ஈடு எதுவும் கேட்கமாட்டார்கள். ஐம்பதுகளில், கிணறு வெட்டும் குடியானவர்களுக்கு என்று ஆரம்பித்தார்களாம். அப்போது ஒரு பெரியவர் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், வாய்ப்பேச்சை நம்பியே கொடுத்தார் என்பார்கள். அந்த நாளில் நான் ஏற்காட்டில் மிளகு பறித்துக்கொண்டும் லாரியில் கிளீனராக ஓடிக்கொண்டும் இருந்தேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்குக் கடன் தேவைப்பட்டபோது பெரியவர் இல்லை. அஸ்தம்பட்டியில் ஓர் அலுவலகமும் அதன் வாசலில் ஒரு பெஞ்சும் இருந்தன. பெஞ்சை நான் நன்றாக அறிவேன்.

அறுபதுகளில் குமாரபாளையத்தில் கூலித்தறி நெய்தேன். தறியும் முதலாளியுடையது, நாங்கள் இருந்த ஒற்றை அறையும் அவருடையது. தறியை விற்கப்போகிறேன், நீ வாங்கினால் அறையில் இருந்துகொள், இல்லாவிட்டால் காலி செய் என்றார். கல்யாணத்துக்குப் பிறகு பல ஊர் மாறியிருந்தோம். "இன்னொருக்கா மூட்டையைக் கட்டுனீங்கன்னா, நா பனமரத்துப்பட்டிக்கு எங்கம்மா ஊட்டுக்கே போயிருவனுங்க" என்று என் மனைவி முன்பே சொல்லிவிட்டாள். அதனால்தான் தறி வாங்கக் கடன் கேட்டு அறக்கட்டளைக்கு மனுக் கொடுத்தேன்.

கடன் கொடுக்குமுன் ஏழைதானா என்று வீட்டுக்கே வந்து பார்ப்பது அவர்கள் வழக்கம். வருகிற நாள் தெரிந்ததும் அவள் தரையை மெழுகினாள். முதலாளி வீட்டு நாற்காலி வந்தது, பக்கத்து வீட்டு எவர்சில்வர் டம்ளர் வந்தது. வருபவர் சேலத்துக் கிறிஸ்தவர், கறி சாப்பிடுவார் என்று விசாரித்து, கடனுக்கு ஒரு கோழியும் வாங்கிவிட்டாள்.

"ஏ புள்ள, அவரு நம்ம கஷ்டத்தைப் பாக்க வாராரு."

"பாக்கட்டுங்க. அதுக்காவ ஊட்டுக்கு வந்தவருக்கு வெறுந்தண்ணி குடுத்து அனுப்பறதுங்களா?"

வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டாம் முறை குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க வீட்லயே கோழி எப்பவாவதுதான். உனக்கு என்னப்பா குறை?"

"எல்லாம் இரவலுங்க சார்."

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க."

மனு தள்ளுபடியானது. நெசவை அப்படியப்படியே போட்டுவிட்டு அஸ்தம்பட்டிக்கு நடையாய் நடந்தேன். ஒருவழியாக, இன்னொரு தடவை அவரையே அனுப்பிப் பார்க்கிறோம் என்றார்கள். முதலாளியும் கொஞ்சம் பொறுத்தார்.

இந்தத் தடவை அவளிடம் சத்தியம் வாங்கினேன். நாற்காலி கிடையாது, சாப்பாடு கிடையாது. அவர் வந்து பாயில் உட்கார்ந்தார். ஓட்டை விழுந்த கூரையை அண்ணாந்து பார்த்தார். சரிதான் என்பதுபோலத் தலையாட்டினார். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் தண்ணீர் கேட்டார்.

அவள் எங்கள் அலுமினிய டம்ளரை எடுத்தாள். நெளிந்து, விளிம்பு கறுத்த டம்ளர். அதைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு புறக்கடை வழியாகப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டு எவர்சில்வர் டம்ளரில் மோர் இருந்தது.

"மோராச்சும் குடிங்க சாமி."

அவர் டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். "போன தடவை இது இரவல்னு சொன்னே. இன்னும் திருப்பிக் கொடுக்கலையா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு, மோரை மிச்சமில்லாமல் குடித்தார்.

மனு மறுபடியும் தள்ளுபடியானது. தறி வேறொருவருக்குப் போயிற்று. அந்த அலுவலகம் பிறகு மாடி கட்டியது. ஓட்டு வீடும் நிலமும் உள்ளவர்களுக்குக் கடன் கொடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அவர்கள் வீட்டில் என்ன டம்ளரில் குடித்தார்களோ.

அறையைக் காலி செய்து, அவளைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் கிளம்புகிற நேரம் கேட்டே விட்டேன்: "தண்ணி தானே கேட்டாரு?"

"அந்த நெளிஞ்ச டம்ளர்லயா?" என்றாள், என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்து. அவள் பனமரத்துப்பட்டிக்குப் போனாள். நான் மறுபடி லாரிக்குப் போனேன்.