தூங்கிப்போன மாடல்

செங்கல்பட்டில் பியூட்டிஷியன் படிப்பில் சேர்ந்தபோது வகுப்பிலேயே வயதில் மூத்தவள் நான்தான். பயிற்சி தந்த மேடமே என்னைவிடச் சின்னவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார். கோவளத்தில் விடியுமுன் எழுந்து மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் சமைத்துவைத்து, மாமல்லபுரத்தில் பஸ் மாறி, வகுப்புக்குப் போய்ச் சேர்வதற்குள் கால் கெஞ்சும். அதற்குப் பிறகுதான் நின்றபடி செய்கிற வேலையே தொடங்கும்.

முதலில் டம்மித் தலையில்தான் வெட்டினோம். முடியை நனைத்துச் சீவி, நெற்றியிலிருந்து பிடரிவரை ஒரு வகிடு, காதிலிருந்து காதுக்கு ஒரு வகிடு என நான்காகப் பிரித்துக் கிளிப் போட வேண்டும். பிடரியில் மெல்லிய ஒரு பகுதியை மட்டும் இறக்கி முதலில் வெட்டுவது கைடு லைன். மேலிருந்து அடுத்தடுத்து இறக்குகிற முடியையெல்லாம் அந்த அளவுக்கே வெட்ட வேண்டும். தூக்கிப் பிடித்து வெட்டினால் அடுக்கடுக்காக லேயர் விழும். தூக்காமல் கீழே சீவி வெட்டினால் ஒரே நீளம். டம்மி அசையாது. அதனால் எனக்கு நன்றாகவே வந்தது.

செய்முறைத் தேர்வுக்கு மாடலாக உட்கார ஒரு ஆளைக் கூட்டிவரச் சொன்னார்கள். எங்கள் தெருவில் கேட்ட பெண்களெல்லாம் சிரித்து மழுப்பினார்கள். கடைசியில் என் நாத்தனார், நான் கேட்காமலே, வருவதாகச் சொன்னாள். மாமல்லபுரத்தில் ஒரு ஹோட்டலில் அறைகளைச் சுத்தம் செய்து விரிப்பு மாற்றும் வேலை அவளுக்கு. இடுப்பைத் தாண்டிய முடி. காயவைக்க நேரமில்லாமல் ஈரத்தோடு கொண்டை போட்டுக்கொண்டு ஓடுவாள். தலைவலி ஓயாது.

"பின்னல் போட்ற அளவுக்கு வச்சிட்டு மிச்சத்த எடுத்துடு அண்ணி," என்றாள்.

தேர்வன்று காலை, இரவு ஷிஃப்ட் முடிந்த கையோடு மாமல்லபுரத்தில் என் பஸ்ஸில் ஏறினாள். வழியெல்லாம் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தாள். பெண்கள் மட்டும் இருக்கிற வகுப்பு; கதவைச் சாத்தியதும் பர்தாவைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். துணி போர்த்தி, தண்ணீர் தெளித்து, நான்காகப் பிரித்தேன். கைடு லைனை வெட்டும்போது தலையைக் குனியச் சொன்னேன். குனிந்தவள் நிமிரவில்லை. ஒத்துழைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியாக இறக்கி வெட்டிக்கொண்டே போனேன்.

மேடம் வந்து பக்கத்தில் நின்றார். "அக்கா, மொதல்ல தலையப் பாருங்க. சாஞ்சிகினு கீது."

குனிந்து பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, வலது தோள் பக்கம் தலை சாய்ந்து, அவள் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மேடம் இரண்டு கைகளாலும் அவள் தலையை மெதுவாக நேராக்கியதும், அதுவரை நேராகத் தெரிந்த ஓரம் சரிந்து போனது. ஒரு பக்கம் மற்றதைவிட இரண்டு விரல் அளவு நீளம். எழுப்பட்டுமா என்று கேட்டேன். மேடம் அவள் கைகளைப் பார்த்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறித் தோல் உரிந்திருந்த கைகள்.

"வேணாம். நான் புடிச்சிக்கறேன். குட்டப் பக்கத்துக்கு சரி பண்ணுங்க."

அப்படியே செய்தேன். சரி செய்யச் செய்ய இன்னொரு பக்கம் ஏறியது. கடைசியில் முடி தோளோடு நின்றது. பின்னல் போட வழியில்லை.  

விழித்ததும் பிடரியில் கைவைத்துத் தடவினாள். கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை.

"கனமே இல்ல அண்ணி," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் இப்டியே ஒக்காந்துக்கட்டா?"

அடுத்த ஆளுக்கு நாற்காலி வேண்டியிருந்தது. மேடம் ஓரத்து பெஞ்சைக் காட்டினார். வகுப்பு முடியும்வரை அதில் படுத்துக் கிடந்தாள். நான் தேறிவிட்டதாகச் சொன்ன மேடம், இனிமேல் கத்திரியைவிடத் தலையை அதிகம் கவனிக்கச் சொன்னார்.

வீட்டில் மாமியார் பார்த்ததும் என் பக்கம்தான் திரும்பினார். நான் வாயைத் திறக்குமுன் நாத்தனார், "நான்தான் குட்டையா வெட்டச் சொன்னேன்," என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளுக்குச் சோறு போடப் போனாள். மாமியார் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனார். என் ரவிக்கைக்குள் புகுந்திருந்த வெட்டுமுடி முதுகெல்லாம் குத்தியது. குளிக்க எழ வேண்டும் என்று நினைத்தபடி வெகு நேரம் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.