தங்கராசாவின் வாளும் சிவலட்சுமி டீச்சரின் கணக்கும்

கணக்கில் பிழை விடுவது சிவலட்சுமி டீச்சருக்கு ஆகாது. பிள்ளைகள் விட்டால் மன்னிப்பார். தான் விட்டால் இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. புதுக்குடியிருப்பில் பத்து வருடமாகக் கணித ரியூசன் கொடுப்பவர். முப்பத்தாறு வயது. ஏன் கலியாணம் கட்டவில்லை என்று யாராவது கேட்டால், "நேரம் கிடைக்கேல்லை" என்பார்.

போர்நிறுத்தம் வந்து கண்டி வீதி திறந்ததற்கு அடுத்த வருடம், 2003இல், கனடாவிலிருந்து வந்த மாமா மகன் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தையும் ஒரு சிறிய பை நிறையத் தாயக்கட்டைகளையும் விட்டுப் போனான். நாலு முகக் கட்டை, எட்டு முகக் கட்டை, உருண்டு உருண்டு நிற்கவே மாட்டாத இருபது முகக் கட்டை. விளையாட்டு இதுதான்: ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவார்கள். வாள்வீரன், மந்திரவாதி, வைத்தியர் என்று ஒவ்வொரு வகைக்கும் ஒவ்வொரு பலம். நினைத்தது பலிக்குமா என்பதைக் கட்டை சொல்லும். புத்தகத்தை டீச்சர் ஒரு மாதத்தில் தமிழாக்கினார். கதை பிடித்ததை விட அதிலிருந்த அட்டவணைகள் அவருக்கு அதிகம் பிடித்தன என்பதுதான் உண்மை.

ஞாயிறு பின்னேரங்களில் ரியூசன் கொட்டிலில் மூன்று பேர் கூடினார்கள். துணிக்கடை றிஃபாத் மந்திரவாதி. தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனங்களோடு முல்லைத்தீவை விட்டுப் போகவேண்டி வந்து, பன்னிரண்டு வருடம் புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். வாய் ஓயாத மனிதர். கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை பார்க்கும் இரஞ்சிதம் வைத்தியர். மூன்றாவது தங்கராசா. எழுபத்தேழுக் கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து பெற்றோருடன் வன்னிக்கு வந்தவர். இப்போது விசுவமடுவில் தோட்டம் செய்கிறார். கொட்டில் கூரைக்குக் கிடுகு போட வந்த நாளில் விளையாட்டைப் பார்த்து நின்றார். அடுத்த ஞாயிறு, வெள்ளைச் சேட்டுப் போட்டு, அத்தனை தூரமும் சைக்கிள் உழக்கி வந்து வாங்குப் பலகையின் கடைசியில் உட்கார்ந்தார். அவர் வாள்வீரன்.

அந்த வாள்தான் டீச்சரின் தலையிடியானது. அது எதையும் வெட்டவில்லை. ஓநாய்க் கூட்டம் வந்தால் றிஃபாத்தின் நெருப்பு அதை எரித்துவிடும். கள்ளர் வந்தாலும் அதே நெருப்பு. தங்கராசா கையில் கட்டையை வைத்துச் சிரித்துக்கொண்டு இருப்பார்.

பாத்திர வகைகள் சமமாக இல்லை என்று டீச்சர் தீர்மானித்தார். வாளுக்கு இரண்டு புள்ளி கூட்டினார். நெருப்புக்கு ஆறு கட்டை உருட்டுவதை நாலாக்கினார், பிறகு மூன்றாக்கினார்.

"என்ன டீச்சர், இந்த நெருப்பு அடுப்பு மூட்டவும் காணாது போல கிடக்கு," என்றார் றிஃபாத். முகம் சற்றுக் கறுத்துத்தான் போனது.

வாளுக்கு இன்னும் இரண்டு கூட்டினார். ஒன்றும் மாறவில்லை. ஒன்பதாவது ஞாயிறு முடிந்ததும் தங்கராசா சைக்கிளைப் பிடித்தபடி நின்று சொன்னார்: "டீச்சர், வாற கிழமையிலேருந்து வரமாட்டேனுங்க. வயல் வேலை இருக்கு."

அறுவடை முடிந்து ஒரு மாதமாகிவிட்டது. மரியாதைக்குச் சொன்ன பொய் என்று டீச்சருக்கு விளங்கியது. மனம் கனத்துப் போயிற்று. பாடம் சொல்லிக் கொடுக்கவும் சாமான் வாங்கவும் மட்டுமே மனிதர்களைச் சந்தித்து வந்தவர் அவர். சும்மா கூடியிருந்து சிரிப்பதற்கென்று அவருக்கிருந்தது அந்த ஒரு பின்னேரம்தான். அதிலும் தங்கராசா சிரிக்கும்போது கொட்டிலே நிறைந்ததுபோல இருக்கும். அவர் போனால் மற்றவர்களும் மெல்லக் கழன்றுவிடுவார்கள்.

திங்கட்கிழமை மத்தியானம், இரண்டு வகுப்புகளுக்கு இடையில், டீச்சர் விளையாட்டுக் கொப்பியை எடுத்து வைத்துக் கணக்குப் பார்த்தார். ஒவ்வொரு அடியும் அதில் எழுதியிருந்தது. கடைசியாகக் கூட்டிய பிறகு ஒரு வாள்வெட்டின் சராசரி ஒன்பது. மூன்று கட்டையாக்கிய பிறகு ஒரு நெருப்பின் சராசரி ஏழு. அப்படியானால் வாள்தானே வலியது? திரும்பவும் கூட்டிப் பார்த்தார். அதே விடைதான்.

பிறகுதான் வேறொன்றை எண்ணினார். ஒன்பது ஞாயிறுகளில் நெருப்பு நாற்பத்து மூன்று முறை. வாள் பதினொரு முறை.

வாளில் ஒரு குறையுமில்லை. வாளின் முறை வருவதற்கு முன்பே எதிரி செத்துப் போயிருந்தான். பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள் ஒரே ஒழுங்கில் இருந்தன: றிஃபாத், இரஞ்சிதம், தங்கராசா. சண்டை தொடங்குமுன் எல்லாரும் இருபது முகக் கட்டையை உருட்டவேண்டும், கூடுதலாக விழுந்தவர் முதலில் என்று புத்தகத்தில் சட்டம் இருந்தது. அது நேரத்துக்குக் கேடு என்று விட்டுவிட்டவர் டீச்சர்தான். புத்தளத்திலிருந்து திரும்பி வந்த மனிதரை முதலில் கேட்பது மரியாதை. பிறகு பெண்பிள்ளை. வாங்கின் கடைசியில் இருப்பவர் கடைசியில். தேத்தண்ணியும் அந்த ஒழுங்கில்தான் கொடுத்தார். யோசித்துச் செய்யவில்லை. யோசிக்காமல் செய்ததுதான் அவருக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டு விசுவமடுவுக்கு பஸ் ஏறினார். தங்கராசா மிளகாய்க்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். டீச்சரைக் கண்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்.

"கணக்கில பிழை, தங்கராசா அண்ணை," என்றார் டீச்சர். "உங்கட வாளில இல்லை. ஒன்பது கிழமையா நான் உங்களை ஒருக்காவும் முதல் கேக்கேல்லை. எனக்கு மன்னிப்புத் தாங்கோ."

தங்கராசா பதறிப் போனார். "என்னங்க டீச்சர் இது. அவரு வந்தவரு. அவரத்தானே மொதல்ல கேக்கணும்."

"நீங்களும் வந்தவர்தானே."

"நாங்க வந்து இருபத்தாறு வருசமாச்சுங்க," என்று சிரித்தார். பிறகு மண்வெட்டியை எடுத்து வாய்க்காலை மறித்துவிட்டு வந்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. பஸ் வரைக்கும் கூட வந்து ஒரு பை பச்சை மிளகாய் கொடுத்தார்.

ஞாயிறு மூன்று மணிக்கு டீச்சர் நாலைந்து தரம் வாசல் படலையடிக்குப் போய் வந்தார். மூன்றேகாலுக்கு சைக்கிள் வந்தது.

அன்றைய கதையில், வறண்ட காட்டில் ஒரு கிணறு. கிணற்றை மறித்துக்கொண்டு ஒரு பூதம். டீச்சர் சட்டப்படி கட்டையை உருட்டச் சொன்னார். இரஞ்சிதத்துக்கு எட்டு, றிஃபாத்துக்குப் பதினொன்று, தங்கராசாவுக்குப் பதினேழு.

"தங்கராசா அண்ணை, நீங்கள் என்ன செய்யிறியள்?"

அவர் றிஃபாத்தைப் பார்த்தார். "நீங்க வேணும்னா..."

"கட்டை சொல்லிப்போட்டுது. நான் அசையமாட்டன்," என்று றிஃபாத் கையைக் கட்டிக்கொண்டார்.

தங்கராசா கட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிள்ளைகள் பரீட்சையில் யோசிப்பதுபோல நெற்றி சுருங்கியது. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

"நான் வாள கீழ வச்சிடுறேனுங்க," என்றார் கடைசியில். "அதுக்கிட்டப் போயி உக்காருறேன். நீ எங்கேருந்து வந்தே, உன்ன யாரு இங்க கொண்டாந்து விட்டது, சாப்பிட்டியான்னு கேக்குறேன்."

றிஃபாத் கட்டியிருந்த கையை அவிழ்த்து முன்னால் சாய்ந்தார்.

"ஏன் அண்ணை?" என்று இரஞ்சிதம் மெதுவாகக் கேட்டாள்.

"எங்கள இந்தக் காட்டுல கொண்டாந்து எறக்கினப்ப எனக்குப் பதினாலு வயசு. ஒருத்தரும் அப்பிடிக் கேக்கல. கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்."

டீச்சர் கொப்பியைப் பார்த்தார். பூதம் எத்தனை அடி தாங்கும், எத்தனை அடி திருப்பி அடிக்கும் என்றெல்லாம் எழுதியிருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அவர் யோசித்தே இருக்கவில்லை. கண் கலங்கியதை மறைக்கக் குனிந்து, கொப்பியை மூடி வைத்தார்.

"சாப்பிடேல்லை," என்றது பூதம், டீச்சரின் குரலில்.

"அப்ப வா," என்றார் தங்கராசா. வாங்கில் நகர்ந்து, தன் பக்கத்தில் இடம் விட்டார்.